எல்லாம் ஹலால்தான், அம்மா என்ன சாப்பிடுவது?

விமான நிறுவனத்தின் லவுஞ்ச் உணவைக் கவனிப்பவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் நிறுவனத்தின் பெயரை இந்த மடலில் எழுதவில்லை. படித்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மற்ற லவுஞ்சுக்காரர்களும் தங்களுக்கு வந்த கடிதமாகவே இதை வைத்துக்கொள்ளட்டும்.

நான் எழுதுவது சுங்கை சிப்புட்டிலிருந்து. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவைத் தாண்டி வடக்கே வந்தால் வருகிற தோட்டப்புற ஊர். மலாயாவுக்கு வந்த முதல் ரப்பர் கன்றுகளில் ஒன்பதை 1877இல் நட்ட கோலகங்சார் எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்தக் கன்றுகளின் பேரப்பிள்ளைகளிடம்தான் என் அம்மா முப்பத்தொரு வருடம் பால் வெட்டினார். இப்போது அந்த மரங்களும் இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை ஆகிவிட்டது. அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது.

போன புரட்டாசியில் அவரை ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு அழைத்துப் போனேன். தங்கை அங்கே இருக்கிறாள், குழந்தை பிறந்திருந்தது. ஐந்தரை மணி நேரம் காலை மடக்கி உட்கார அம்மாவின் முட்டி ஒத்துழைக்காது என்று அவளே பிஸ்னஸ் கிளாஸ் டிக்கெட் எடுத்து அனுப்பினாள். டிக்கெட்டின் விலையை இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த தடவை பஸ்ஸில் போகலாமா என்று கேட்பார்.

ராத்திரி ஒரு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினோம். கோலாலம்பூர் விமான நிலையம் இருக்கும் சிப்பாங் நெருங்கும்போது விடிவதற்கு இன்னும் நேரமிருந்தது. 1998இல் திறந்த அந்த விமான நிலையத்துக்குப் போகும் சாலையின் இரண்டு பக்கமும் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கார் விளக்கில் வரிசை வரிசையாகச் செம்பனை தெரிய, தூக்கம் கலைந்த அம்மா, “என்ன தம்பி, நம்ம ஊருக்கே திரும்பி வந்துட்டமா?” என்றார்.

லவுஞ்ச் என்றால் என்ன என்று வழியில் கேட்டிருந்தார். ஏறுவதற்கு முன்னால் உட்கார்ந்து பசியாறுகிற இடம் என்று சொன்னேன். வெளிநாட்டில் இருந்து இதைப் படிக்கும் தமிழர்களுக்காக ஒரு வார்த்தை: காலை உணவு என்பதெல்லாம் இங்கே பள்ளிப் புத்தகத்தில்தான். நாங்கள் பசியாறுவோம். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்புக்குப் போய் நின்று, பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் மரத்தை முடிக்க வேண்டும். குளிர்ச்சி இருக்கும் வரைதான் பால் நன்றாக இறங்கும். அது முடிந்து, வாளி தூக்குவதற்கு முன், மரத்தடியில் உட்கார்ந்து மங்கை, அதாவது சாப்பாட்டுப் பாத்திரத்தை, திறந்தால் அதுதான் பசியாறுவது. முந்தின நாள் சோறோ, ரொட்டியோ, கூட ஒரு போத்தல் பால் விடாத வரக்கோப்பி. நான் உங்கள் லவுஞ்சை அம்மாவுக்கு அந்த வார்த்தையில் விளக்கியது தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

அன்று புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. எந்தச் சனி என்று எழுதமாட்டேன், அதற்குக் காரணம் பின்னால் வரும். அம்மா அந்த மாதம் முழுக்கச் சைவம். எங்கள் ஊர்ச் சந்தையில் கோழி விற்கும் சீனர் இருக்கிறார். புரட்டாசி எப்போது பிறக்கிறது என்பது அவருக்கு எங்களுக்கு முன்னாலேயே தெரியும், அதற்குத் தகுந்தாற்போல்தான் கோழி எடுப்பார். இத்தனைக்கும் அவரிடம் கம்ப்யூட்டர் கிடையாது.

சரி, உங்கள் இடத்துக்கு வருகிறேன். நாற்காலி அருமை. அம்மா கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். சாப்பாட்டு மேசையும் நீளமாகவே இருந்தது. பளபளவென்று மூடி போட்ட பாத்திரங்கள் ஏழெட்டு, ஒவ்வொன்றின் முன்னாலும் கெட்டி அட்டையில் அழகான சாய்ந்த எழுத்தில் ஒரு பெயர். ‘கார்டன் ஹார்வெஸ்ட் சூப்’ என்று ஒன்று. ‘சேவரி பஃப்’ என்று ஒன்று. ‘மார்னிங் லிங்க்ஸ்’ என்று ஒன்று இருந்தது, திறந்து பார்த்த பிறகுதான் சாசேஜ் என்று தெரிந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த அட்டைகளுக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்புதான்.

மேசைக்குப் பின்னால் நின்ற மலாய்த் தம்பியிடம் கேட்டேன், இந்தப் பஃப்புக்குள் என்ன இருக்கிறது என்று. நல்ல பிள்ளை. சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்து, “செமுவா ஹலால், மாச்சிக்” என்றான். எல்லாம் ஹலால்தான், பயப்படாமல் சாப்பிடுங்கள் என்று பொருள். அவனுக்குச் சொல்லிக் கொடுத்த பதில் அதுதான். அதை அவன் மரியாதையாகவே சொன்னான். நான் மறுபடி, இறைச்சி என்ன இறைச்சி என்று கேட்டபோது முகம் கொஞ்சம் வாடிவிட்டது. உள்ளே போய்க் கேட்டு வருவதாகச் சொல்லிப் போனவனை வேறு யாரோ வேறு வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஹலால் முத்திரையைப் பற்றி நான் குறை சொல்லவில்லை, அதை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். என் பள்ளிக்கூடக் கூட்டாளிகளில் பாதிப் பேர் முஸ்லிம்கள். ஹலால் முத்திரை தரும் அரசாங்க இலாகாவான ஜாக்கிமிடம் சான்றிதழ் வாங்குவதற்கு ஒரு குசினி, அதாவது சமையலறை, என்ன பாடுபட வேண்டும் என்று சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவனிடமே கேட்டிருக்கிறேன். எண்ணெய் எங்கிருந்து, கோழி எங்கிருந்து, சாஸ் எந்தத் தொழிற்சாலை, எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். ஆக, உங்கள் பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கு வரிக்கு வரி தெரியும். கோப்பில் இருக்கிறது. மேசைக்கு வரும்போது அந்த விவரம் முழுவதும் ‘ஹலால்’ என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. பன்றி இருக்குமோ என்று கவலைப்படுகிறவருக்கு அந்த ஒரு சொல் போதும். மாடு இருக்குமோ என்று கவலைப்படுகிறவருக்கு அது எதுவுமே சொல்வதில்லை, ஏனென்றால் மாடும் ஹலால்தான்.

அந்தப் பஃப்பை அம்மா எடுத்துத் தட்டில் வைத்துவிட்டார். பார்க்க நம்ம கறிபாப் மாதிரி இருந்தது, உருளைக்கிழங்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அப்போதுதான் பக்கத்து மேசையில் எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், எங்களைப் பார்க்காமலே, வாயை அதிகம் அசைக்காமல் சொன்னார்:

“அம்மா, அத எடுக்காதீங்க. உள்ள மாடு.”

அம்மா கையை இழுத்துக்கொண்ட வேகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. சூட்டில் பட்ட மாதிரி. தட்டை மேசையில் வைத்துவிட்டு, விரல்களைச் சேலை முந்தானையில் திரும்பத் திரும்பத் துடைத்தார். இன்னும் சாப்பிடவில்லையே அம்மா என்றேன். தலையாட்டினார், ஆனால் துடைப்பதை நிறுத்தவில்லை.

அந்த அக்கா இரண்டு பாத்திரம் தள்ளிப் போய், அங்கிருந்து துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னார். சூப் கோழி வேகவைத்த தண்ணீரில் செய்தது. சாசேஜில் ஒன்று கோழி, ஒன்று மாடு, இரண்டுக்கும் ஒரே இடுக்கி. மிளகாய்ச் சம்பலில் நெத்திலியும், பெலாச்சான் என்கிற இறால் விழுதும் இருக்கிறது. “ரொட்டி, பழம், அந்த வறுத்த உருளைக்கிழங்கு. புரட்டாசியில நாங்க இதத்தான் சாப்பிடுவோம்மா,” என்றார். அப்புறம், எங்கள் பக்கத்து ஆட்கள் யாரைப் பார்த்தாலும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: “எந்தத் தோட்டம்மா நீங்க?” அம்மா சொன்னார். அவரும் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அதை எழுதப்போவதில்லை. தூரத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் திரும்பிப் பார்த்ததும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இதுதான் நான் தேதி எழுதாததற்குக் காரணம். அவர் யார் என்று தேட வேண்டாம். தேடினால், விருந்தாளியிடம் பேசியதற்காக அவரைத்தான் கூப்பிட்டு விசாரிப்பீர்கள். உங்கள் லவுஞ்சில் அன்றைக்கு உணவுப் பட்டியல் என்று ஒன்று இருந்ததென்றால் அது அவர்தான். தட்டுக் கழுவ எடுத்துப் போகிற வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவர், நீங்கள் அட்டையில் எழுதாமல் விட்டதைக் கிசுகிசுப்பாகப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். அவர் லீவு போட்ட நாளில் எத்தனை அம்மாக்கள் அந்தப் பஃப்பைச் சாப்பிட்டிருப்பார்கள்? அவர்களுக்கு இன்றுவரை தெரியாமல் இருப்பதே நல்லது.

அப்போதும் எனக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. கடைசியில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு புட்டிங் வைத்திருந்தீர்கள். முட்டை இல்லாததுபோல் தெரிந்தது. ஆனால் கட்டியாக நிற்க வைத்தது எது? அகார் அகார் என்றால் கடல்பாசி, எங்கள் வீட்டிலும் தீபாவளிக்குச் செய்வோம், கவலையில்லை. ஜெலட்டின் என்றால் வேறு கதை. பன்றி ஜெலட்டின் கூடாது என்பதால் ஹலால் குசினியில் பெரும்பாலும் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் எடுத்த ஜெலட்டின்தான் வரும், சில இடங்களில் மீனில் எடுத்தது. பழப் புட்டிங்குக்குள் மாடு இருக்கலாம் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. சளி பிடிக்கும் என்று சொல்லி நகர்த்தி வைத்தேன்.

சட்டம் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, பாக்கெட்டில் விற்கும் உணவில் மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ, அவற்றிலிருந்து எடுத்த பொருளோ இருந்தால், அதை லேபிளில் வெளிப்படையாக எழுத வேண்டும். மாட்டையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். நாற்பது வருடத்துக்கு முன்னாலேயே, இந்த நாட்டில் யார் யார் சாப்பிட உட்காருவார்கள் என்று அந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் ஊர் மளிகைக் கடையில் ஒன்றிரண்டு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) விற்கும் பாக்கெட் இதைச் சொல்கிறது. ஆயிரக்கணக்கில் வெள்ளி வாங்கும் உங்கள் மேசையில் அந்த வரி இல்லை. லவுஞ்ச் பாத்திரம் பாக்கெட் இல்லையே என்று உங்கள் வழக்கறிஞர் சொல்வார். சொல்லட்டும். நான் வழக்குப் போடவில்லை, மடல்தான் எழுதுகிறேன்.

இதைவிட எனக்கு வேடிக்கையாக இருந்தது வேறொன்று. டிக்கெட் எடுக்கும்போதே அம்மாவுக்கு ஏ.வி.எம்.எல். என்று குறித்திருந்தோம். விமானப் பயணிகளுக்கான சைவ இந்தியச் சாப்பாட்டுக் குறியீடு அது. எனக்கு எச்.என்.எம்.எல்.; அசைவம் உண்டு, மாடும் பன்றியும் கிடையாது. ஏறக்குறைய எல்லாப் பெரிய விமான நிறுவனங்களும் இதே நான்கெழுத்துகளைத்தான் வைத்திருக்கின்றன. ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுச் சீட் விளக்கு அணைந்ததும், பணிப்பெண் அம்மாவின் இருக்கை எண் ஒட்டிய தட்டைத் தேடிக்கொண்டு வந்து, குனிந்து, “வெஜிடேரியன், மேடம்” என்று வைத்துவிட்டுப் போனார். அம்மா ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. லவுஞ்சில், வயிறு நிறைஞ்சிருச்சு தம்பி என்று சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்று அப்போதுதான் தெரிந்தது. பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் அம்மா யார் என்று தெரிந்த அதே நிறுவனத்துக்குத் தரையில் தெரியவில்லை. லவுஞ்ச் வாசலில் போர்டிங் பாஸை ‘பீப்’ என்று படித்த இயந்திரத்துக்குள் அந்த நான்கெழுத்தும் இருந்திருக்குமே?

(ஒரு விஷயத்தில் மேலே இருக்கிறவர்களை மன்னிக்கலாம். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, ஈரமும் குறைவு, நாக்குக்கு உப்பும் இனிப்பும் சரியாக எட்டாது என்கிறார்கள். பருப்பு சப்பென்று இருந்தால் அது வானத்தின் குற்றம். லவுஞ்ச் தரையில்தானே இருக்கிறது, அங்கே அந்த வறுத்த உருளைக்கிழங்கு ஏன் உப்பே இல்லாமல் இருந்தது?)

தேத்தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாசி லெமாக், ரொட்டி சானாய், ஆற்றிய பால் தேத்தண்ணீரான தே தாரிக் என்று நம் பசியாறும் பழக்கத்தை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் ஊரில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் அதற்காக யாரும் ஒரு காசு விலை கூட்டவில்லை. பெருமை பேசுகிற வேலையை உங்கள் விளம்பரங்கள் பார்த்துக்கொள்கின்றன. அந்த மூன்றில் நாசி லெமாக் சோறு தேங்காய்ப்பாலில் வெந்தது, அம்மா சாப்பிடலாம்; சம்பலைத் தனிக் கிண்ணத்தில் வைத்திருந்தால். நீங்கள் சோற்றின் தலையிலேயே ஊற்றி வைத்திருந்தீர்கள். மிஞ்சியது தேத்தண்ணீர்.

ஒன்பது பொத்தான் உள்ள இயந்திரம். எட்டில் கோப்பி வகைகள். ஒன்பதாவதில் சுடுதண்ணீர், பக்கத்தில் நூல் கட்டிய தேத்தூள் பைகள். கறுப்புத் தேயிலைக்குத் தளதளவென்று கொதிக்கிற தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் நிறம் வரும், சாரம் வராது. உங்கள் இயந்திரத்தின் தண்ணீரில் அம்மா பையைப் போட்டு, குவளையைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார். கையைச் சுடாத தண்ணீர். நூலைப் பிடித்து மேலும் கீழும் இழுத்தார், கிணற்றில் வாளி விடுவதுபோல். கொஞ்சம் கழித்துத் தேன் நிறத்தில் ஏதோ ஒன்று வந்தது. டின்னில் வரும் கெட்டிப் பால், எங்கள் பேச்சில் டின் பால், இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, ஓட்ஸ் பால் இருந்தது, பாதாம் பால் இருந்தது, சோயா இருந்தது. பால் குடிக்காதவர்களுக்கு மூன்று வழி யோசித்தவர்களுக்கு, இந்த நாட்டுத் தேத்தண்ணீருக்கு என்ன ஊற்றுவார்கள் என்று யோசிக்க நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. தூள் தேயிலையை நன்றாக வடித்து, டின் பால் விட்டு, இரண்டு குவளைக்கு நடுவில் நுரை வர ஆற்றுவதற்கு ஓர் ஆள் போதும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் உங்கள் லவுஞ்சிலேயே தட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மா தேத்தண்ணீரை வைத்துவிட்டு வரக்கோப்பி கேட்டார். அது நன்றாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா.

என்ன கேட்கிறேன் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. தனியாக ஒரு சைவ மேசை போடச் சொல்லவில்லை. மாட்டிறைச்சியை எடுத்துவிடச் சொல்லவில்லை, சாப்பிடுகிறவர்கள் சாப்பிடட்டும். ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னாலும் இருக்கும் அட்டையில் அந்தச் சாய்ந்த எழுத்துப் பெயருக்குக் கீழே உள்ளே இருப்பதை எழுதுங்கள். மாடு என்றால் மாடு. கோழிச் சாறு என்றால் கோழிச் சாறு. முட்டை, நெத்திலி, கடலை, ஜெலட்டின் எதுவாக இருந்தாலும். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளையைக் கூட்டி வருகிறவர்களுக்கும் இது உதவும். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்னப் படம் போடுங்கள், மாட்டுத் தலை, கோழி, மீன். சைவத்துக்குப் பச்சைப் புள்ளி. இந்தியாவிலிருந்து வரும் அப்பளத்திலும் ஊறுகாயிலும் அந்தப் புள்ளி இருப்பதால் எங்கள் ஊர் மளிகைக் கடையில் எந்தப் பாட்டியும் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். இடுக்கி பாத்திரத்துக்கு ஒன்றாக வையுங்கள். மேசைக்குப் பின்னால் நிற்கும் தம்பிக்கு, ‘எல்லாம் ஹலால்’ என்பதோடு, உள்ளே என்ன இருக்கிறது என்றும் சொல்லிக் கொடுங்கள். அவன் சொல்லத் தயாராகத்தான் இருந்தான்.

காசு கொடுத்த இடத்தில் கணக்குக் கேட்பது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, தொழிலாளர்களிடமே சிறுகச் சிறுகச் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன் சுங்கை சிப்புட்காரர். பங்குக்காகக் கட்டிய ரசீதுகளை அம்மாவின் அப்பா பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார், ஒன்றுகூடத் தொலையவில்லை. தங்கை எடுத்த டிக்கெட்டின் விலையில் உங்கள் லவுஞ்சும் அடக்கம். அதில் அம்மா வாங்கியது இரண்டு துண்டு ரொட்டி, ஜாம், ஒரு வாழைப்பழம், உப்பில்லாத உருளைக்கிழங்கு கொஞ்சம், ஒரு வரக்கோப்பி.

பேரப்பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் வருகிறது, மறுபடியும் போகிறோம். இந்தத் தடவையும் புரட்டாசியில்தான். லவுஞ்சுக்குப் போகலாமா என்று கேட்டேன். நாற்காலி நல்லா இருக்கும், போகலாம் என்றார் அம்மா. புளிச்சோறு கட்டிக்கொண்டு வருவாராம், அந்த அக்கா இருந்தால் அவருக்கும் சேர்த்து. வெளியிலிருந்து உணவு கொண்டுவரக் கூடாது என்று உங்கள் வாசலில் போட்டிருப்பதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அதை மட்டும் பெரிய எழுத்தில், மூன்று மொழியில், படமும் போட்டு எழுதியிருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
பால்மரம் வெட்டிய அம்மாவின் மகன்,
சுங்கை சிப்புட், பேராக்.